பிரிக்காத பொட்டலம்

இந்த பஸ்ஸுக்குப் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும், தெரியுமா அம்முணி? முன் சக்கரம் சும்மா உருண்டு வரும். திருப்பினால் திரும்பும், அவ்வளவுதான். வேலையெல்லாம் பின்னால். நான் ஏழாவது வரைதான் படித்தவள். ஆனால் கோயமுத்தூர் கணபதியில் என் மகன் ஒர்க்ஷாப்பில் பதினொரு வருஷம் போன் எடுத்தவள். எனக்கு இதெல்லாம் தெரியும்.

மேலே என் பை இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள். நீலப் பை. ஜிப் போய்விட்டது, ஊக்கு குத்தியிருக்கிறேன். இருக்கிறதா? பல்லடத்தில் கூட்டம் ஏறும். யாராவது அதன்மேல் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உள்ளே மாத்திரை இருக்கிறது.

தாராபுரம் போகிறேன், மகள் வீட்டுக்கு. எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள். மகளும் போனில் அதைத்தான் கேட்டாள். "வா"ங்கிற வார்த்தைக்கு முன்னாலேயே "எத்தன நாளைக்கும்மா?" என்றாள். மாமியார் இருக்கிற வீடு, அவளும் என்ன செய்வாள்.

என்னை வீட்டைவிட்டு அனுப்பியது ஒரு வெள்ளரளிப் பூ. சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் அது பூவில் ஆரம்பிக்கவில்லை, ஒரு காரில் ஆரம்பித்தது.

என் மகன் பூபதி, மண் ரோட்டிலும் மலை ரோட்டிலும் ரேஸ் விடுகிற ராலி கார் வேலை செய்கிறவன். அவனிடம் பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. அதற்கு நாலு சக்கரமும் இழுக்கும். அதை ஓட்டுகிறவன் அவன் இல்லை. ஓட்டுகிறவள் அவள். அவள் என்றால் வாணி, என் மருமகள். கோகிலவாணி என்று முழுப் பெயர். சின்ன வயசிலிருந்தே அவள் அப்பன் ரேஸ் வண்டியில் உட்கார வைத்துப் பழக்கிவிட்டான். என் மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து, "வலது, வலது, பள்ளம்" என்று படிப்பான். ஒர்க்ஷாப் அவனுடையது. கார் அவனுடையது. ஆனால் ஜெயித்த அன்றைக்குப் பேப்பரில் வந்த போட்டோ அவளுடையது. என் மகனின் காது மட்டும் ஓரத்தில் வந்திருந்தது. நான் அந்தக் காதை வைத்து அடையாளம் சொன்னேன், பக்கத்து வீட்டுக்கு.

அந்தக் காரின் கியர்பாக்ஸ் போன வருஷம் உடைந்துபோனது. புதிய மாடலின் ஆறு கியர் பெட்டி ஒன்று கொச்சி துறைமுகம் வழியாக வந்தது. அதைத்தான் மாற்றினார்கள். அந்தப் பெட்டிக்குள் நடு டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. எளிமையாகச் சொல்கிறேன், கேளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்து இழுவையைப் பங்கு பிரிக்கிற சாமான். அதை இறுக்கினால் முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரி. மண் ரோட்டில் அது நல்லது, வழுக்காது. தார் ரோட்டில் சின்னத் திருப்பம் வந்தால் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் கார் திரும்பாது, முரண்டு பிடித்துக்கொண்டு நேராகப் போகும்.

அதை இறுக்கவும் தளர்த்தவும் கரண்ட் வேண்டும். புதிய காரில் அதற்கு கம்ப்யூட்டர் இருக்கும். இவர்களுடைய காரில் இல்லை. அதனால் தனியாக ஒரு கண்ட்ரோலர் வாங்கி மாட்ட வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று ஆட்டோ. பிரேக்கைப் பார்க்கும், கார் சாய்வதைப் பார்க்கும், ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் உடனே தானே தளர்த்திவிடும். இன்னொன்று வெறும் டயல். ஓட்டுகிறவர் கையால் திருகிக்கொள்ள வேண்டும், ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

எதை வாங்குவது என்று பத்து நாள் சண்டை.

பூபதிக்கு டயல்மேல் ஒரு கண். "ஆட்டோவுக்குச் சென்சார் நாலு இருக்குது. மண்ணுல ஒண்ணு புட்டுக்கிச்சுன்னா நடுக்காட்டுல நிக்கோணும்" என்றான்.

"ஏனுங்க, எனக்கு எடது கை ஒண்ணுதானுங்க. அது கியருக்கா, ஹேண்ட்பிரேக்குக்கா, உங்க திருகுக்கா?" என்றாள் அவள்.

"நான் வேணா திருகித் தர்றேன்."

"நீங்க நோட்டப் படிப்பீங்களா, திருகுவீங்களா? படிக்கறப்பவே பாதி வரிய முழுங்கறீங்க."

பூபதி சிரித்தான். நான் டீ கொண்டுபோனவள், நின்றேன். எனக்கும் தெரியும் என்றுதான் சொன்னேன். "டயலே நல்லது சாமி. மனுசன் சொல்றத மிசினு கேக்கோணும், மிசினு சொல்றத மனுசன் கேக்கக் கூடாது" என்றேன்.

அவள் டீயை எடுத்துக்கொண்டே சொல்கிறாள்: "அத்தை, உங்க மிக்ஸிக்கு மூணு நம்பர் போதுமுங்க. எனக்குப் பத்தாது."

மெக்கானிக்குகள் நாலு பேரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். அவளும் என் தோளைத் தட்டிச் சிரித்தாள், பெரிய செல்லம் மாதிரி. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றேகால் மணி இருக்கும்.

பல்லடம் வந்துவிட்டதா? பையைப் பாருங்கள். இருக்கிறதல்லவா? சரி.

சண்டை தீரவில்லை என்றால் எங்கள் வீட்டில் மாகாளியம்மன் கோவிலுக்குப் போய்ப் பூ கேட்பது வழக்கம். உங்கள் பக்கம் உண்டா? வாழையிலைத் துண்டில் வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அதுதான் முறை. கட்டுவது வீட்டில் மூத்த பொம்பளை. என் வீட்டுக்காரர் போன பிறகு எல்லாம் நான்தான்.

என் மகன் எதற்கும் பூ கேட்பான். "அம்மன் எனக்கு ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல" என்பான். எப்படித் தப்பும் அம்முணி? கட்டுகிறவள் நான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் யாரோ நான் யாரோ. இவளைப் பெண் பார்த்தபோதும் பூ கேட்டோம். அப்போது இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன். பெண் ஒற்றை மகள், எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஒர்க்ஷாப்புக்கு உதவியாக இருப்பாள் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தானே செய்தேன். சாமிக்கும் அது சம்மதம் இல்லாமலா அந்தக் கல்யாணம் நடந்தது?

கண்ட்ரோலருக்கும் அப்படித்தான். "வெள்ளை வந்தா டயல், செவப்பு வந்தா ஆட்டோ" என்று பூபதி சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். அவளும் மூடிக்கொண்டாள். நான் மட்டும் மூடவில்லை. எடுத்தான், பிரித்தான், வெள்ளை.

அவள் அந்தப் பூவை வாங்கிப் பார்த்தாள். அப்புறம், "சரிங்க. அம்மன் சொன்னா சரிதானுங்க" என்றாள். என்றவள் அதோடு விட்டாளா? "இன்னொண்ணப் பிரிச்சுப் பாத்தா என்னங்கத்தை?" என்றாள்.

"சாமி சொல்லாததப் பிரிச்சுப் பாத்தா, சொன்னதுக்கு என்ன மரியாதை?" என்றேன். கிணற்றில் நானே போட்டேன்.

நான் என்ன கெடுதலா நினைத்தேன்? அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு தகடு இருக்கிறது. பதினைந்து வயசில் வண்டி கவிழ்ந்து, எலும்பு உடைந்து, திருகாணி போட்டு வைத்த தகடு. வீட்டில் ஜாடி மூடியைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுவாள். டயல் வந்தால் இரண்டு நாள் திருகிப் பார்ப்பாள், வலிக்கும், இறங்கிக்கொள்வாள். என் மகன் ஓட்டுவான். பேப்பரில் அவனுடைய முகம் முழுசாக வரும். அவளும் வீட்டோடு இருந்தால் ஒரு குழந்தை குட்டி என்று ஆகும். இவ்வளவுதான் என் நினைப்பு. எந்தத் தாய் இதை நினைக்க மாட்டாள்?

டயல் வந்தது. சோப்பு டப்பா அளவு. கியருக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சூலூர் பக்கம் ஒரு காலி லேஅவுட்டில் தினமும் ஓட்டிப் பழகினாள். சாயங்காலம் வரும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும். நான்தான் நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட்டேன். பெற்ற தாய்கூடச் செய்ய மாட்டாள். என் பெருவிரலுக்கு அந்தத் தகடு தட்டுப்படும். எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். அழுத்தினால்தானே எண்ணெய் உள்ளே இறங்கும்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதுமுங்கத்தை, போதுமுங்க" என்பாள்.

"முடியலீன்னா எறங்கிக்கோ சாமி. அவன் ஓட்டட்டும்."

"பழகிருமுங்க."

பழகிருமாம். அப்பேர்ப்பட்ட பிடிவாதம். நீங்களே சொல்லுங்கள், அன்றைக்கே இறங்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

ராலிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சமையல்கட்டில் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "அத்தை, மண்ணுல இறுக்கி வெச்சுட்டுத் தாருக்கு வர்றப்பத் தளத்தறதுக்குக் கை எட்டறதில்லீங்க. ஹேண்ட்பிரேக் பிடிச்சா டயலு இல்ல, டயலு பிடிச்சா ஹேண்ட்பிரேக் இல்ல. அவருகிட்டச் சொன்னா அம்மன் வாக்குங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாரு. ஆட்டோ மாத்தச் சொல்லுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

நிஜமாகவே கும்பிட்டாள் அம்முணி. அந்த வீங்கின கையோடு. மூணு நம்பர் போதும் என்று சொன்ன வாய்.

"நானா? அம்மன் சொன்னதுக்கு மேல நான் யாரு?" என்றேன்.

கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டாள். வெங்காயத்தால் என் கண்ணில்தான் தண்ணீர். அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி பூபதி கூடக் கேட்டான். "ஏம்மா, மாத்திரலாமா?" என்றான். "பூ கேட்டு மாட்டினதப் புடுங்கினா வீட்டுக்கு ஆகாதுடா" என்றேன். சரி என்று தூங்கப் போய்விட்டான். அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை. இந்தக் காலத்தில் யாருக்கு அப்படி அமையும்?

ராலிக்கு நானும் போனேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். மண் பாதை மலையிலிருந்து இறங்கி, தார் ரோட்டில் சேர்ந்து, உடனே வலது பக்கம் ஒரு கொக்கி வளைவு. வளைவின் வெளிப்பக்கம் சின்னப் பாலத்துக் கட்டைச் சுவர். ஜனங்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், கார் சுழன்று திரும்புவது பார்க்க அழகாக இருக்கும் என்று. நானும் அங்கே நின்றேன்.

இவர்கள் கார் வந்தது. மற்ற கார்கள் எல்லாம் அந்த இடத்தில் பின்பக்கத்தை வீசித் திரும்பின. இது திரும்பவில்லை. முரண்டு பிடித்துக்கொண்டு பாதி திரும்பி, அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. இறுக்கினது இறுக்கினபடி. அவள் கை ஹேண்ட்பிரேக்கில் இருந்ததா டயலில் இருந்ததா, அந்த மகராசிக்குத்தான் தெரியும். கட்டைச் சுவரில் இடது பக்கம் மோதியது.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் என் மகன்.

முதலில் அவள்தான் இறங்கினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு மறுபக்கம் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரும்பை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா அம்முணி? வேண்டாம், வேண்டாம். அப்புறம் வழியில் பஸ் நிற்காது.

மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அவளத் திட்டாதம்மா. அம்மன் சொன்னதத்தான் மாட்டினோம். இப்பிடித்தான் நடக்கோணும்னு இருந்திருக்குது." எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் மத்தியானம் கொடுத்த சாம்பார் சாதமும் சரியில்லை. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் கால் முளைக்குமா? இருக்கிற ஒரு நம்பிக்கையும் அவனுக்குப் போய்விடும். பிள்ளைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவளை ஒன்றும் சொன்னதில்லை. காலையில் அவள் காபி கொண்டுவரும்போது ஒரு தடவை, "எம்பட பையன் காலத் தின்னவ கையில காப்பி வாங்கிக் குடிக்கோணும்னு என்ற தலையெழுத்து" என்பேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நாள் பூராவும் சொல்கிற மாமியார்கள் இருக்கிறார்கள். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளாவது திருப்பிச் சொன்னாளா? இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திருப்பிச் சொன்னால்தானே சண்டை, சண்டை போட்டால்தானே தீரும்?

ஒரே ஒரு நாள் கேட்டாள். கட்டு மாற்றிக்கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் கேட்டாள். "அத்தை, அன்னிக்குக் கிணத்துல போட்டீங்கல்ல, அதுல என்ன பூவுங்க?"

"பிரிக்காதது எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் காபி வாங்கும்போது சொன்னதைப் பூபதி கேட்டுவிட்டான். கட்டைக் காலை மாட்டிக்கொண்டு நடந்து பழகுகிறவன், சத்தம் கேட்குமே என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்திருக்கிறான். "நாளைக்குக் கோயலுக்குப் போலாம். நீ இங்க இருக்கறதா, அக்கா வீட்டுக்குப் போறதான்னு பூ கேட்டர்லாம்" என்றான்.

"பெத்தவள வெச்சுக்கறதுக்குப் பூ கேப்பியாடா?"

"கல்யாணத்துக்குக் கேட்டேன். காருக்குக் கேட்டேன். இதுக்குக் கேட்டா என்ன? வெள்ளைன்னா அக்கா வீடு. செவப்புன்னா நீ இங்கயே இரு, நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா."

"செரி, நான் பூப் பறிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"நீ உக்காரு. உன்ற விசயத்துக்கு நீயே கட்டறதா? வாணி கட்டட்டும்."

அவள் கட்டினால் எப்படிக் கட்டுவாள் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் கோவிலுக்குப் பின்னால், அரளிச் செடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையில் இன்னும் கட்டு. நாரைப் பல்லால் பிடித்து ஒரு கையால் முடிச்சுப் போட்டாள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. இலை தெரிந்தது, பூ தெரியவில்லை.

பூபதி கண்ணை மூடி எடுத்தான். வெள்ளை.

நான் அழவில்லை. "இன்னொண்ணப் பிரிங்க" என்றேன். பூபதி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீதானம்மா பிரிக்கக் கூடாதும்பே" என்றான். அவள் அந்தப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே கிணத்துல போட்டுருங்கத்தை. அதான மொற."

கிணற்றடிக்குப் போனேன். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டேன்.

இதோ இருக்கிறது. இரண்டு நாளாக இடுப்பிலேயே இருக்கிறது. இலை கொஞ்சம் வாடிவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. அவள் பல் பட்ட முடிச்சு. இதுவரை நான் பிரிக்கவில்லை. வீட்டில் பிரித்தால் நானே மாற்றி வைத்தேன் என்பார்கள். வெளி ஆள் ஒருத்தர் கையால் பிரிக்க வேண்டும், சாட்சிக்கு. அதனால்தான் பஸ் ஏறினதிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். நல்ல முகம். பொய் சொல்லாத முகம்.

உள்ளே வெள்ளைதான் இருக்கும். எழுதித் தருகிறேன். வெள்ளையாக இருந்தால் அடுத்து வருகிற குண்டடத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் கோயமுத்தூர் பஸ் ஏறி, என் மகன் முன்னால் கொண்டுபோய் வைப்பேன். "பாருடா, சாமி முன்னால நின்னு திருட்டுத்தனம் பண்ணினவ யாருன்னு பாரு" என்பேன். நீங்கள் போன் நம்பர் மட்டும் கொடுங்கள், அவன் கேட்டால் ஒரு வார்த்தை சொல்ல. அப்புறம் யார் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கலாம்.

பிரியுங்கள். நாரை இழுக்காதீர்கள், மெதுவாக. ஆமாம், அப்படித்தான்.

என்ன?

இல்லை, இந்தப் பக்கம் திருப்புங்கள். வெளிச்சத்தில் பிடியுங்கள்.

வாடினால் வெள்ளரளி பழுப்பாகத்தான் ஆகும். இப்படி ஆகாது.

அப்படியென்றால் இரண்டையும் முறைப்படியே… இல்லை. இல்லை, அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. நான் எடுத்து வைத்துப் பிரித்துப் பார்ப்பேன் என்று தெரிந்துதான் சிவப்பை வைத்திருக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எனக்குத் தெரியாத வித்தை ஏதாவது செய்திருப்பாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒரு பொட்டலத்தில் சிவப்பு வைத்துவிட்டு யாராவது சும்மா நிற்பார்களா? சிவப்பு வந்திருந்தால் அவள் கதி என்ன? தினமும் காலையில் காபி கொண்டுவர வேண்டுமே. அந்தப் பயம்கூடவா ஒருத்திக்கு இருக்காது?

நீங்கள் பிரிக்கும்போது முந்தானை மறைத்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. நீங்கள் எந்த ஊர் என்று சொன்னீர்கள்? கணபதிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? வாணியைத் தெரியுமா உங்களுக்கு?

கொடுங்கள் அதை. கொடுங்கள் இப்படி.

கண்டக்டர் என்ன கத்துகிறார், குண்டடமா? பையை எடுக்க வேண்டாம், இருக்கட்டும், உட்காருங்கள். இறங்கிப் போய் எதைக் காட்டுவேன்?